பன்னிரண்டாம் தொகுதி வழியாக ஐந்து நாள்

முதல் நாள் – அக்டோபர் 18, 2025, சனி. கஸ்டோனியா, சார்லட்

காலை ஏழு மணிக்கு கஸ்டோனியாவில் ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமாகக் காரை நிறுத்தி, பானட்டின் மேல் வரைபடத்தை விரித்தேன். வட கரோலைனா மாநிலத்தின் சாலைப் படம். அதன் மேல் 1992-ல் இருந்த பன்னிரண்டாம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதியின் எல்லையைச் சிவப்புப் பேனாவால் நானே போன வாரம் வரைந்து வைத்திருக்கிறேன். வரைந்து முடிக்க இரண்டு இரவு ஆனது. சாதாரணமாக ஒரு தொகுதியை வரைந்தால் ஏதாவது ஒரு வடிவம் வரும். இது ஐ-85 நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு கஸ்டோனியாவிலிருந்து டர்ஹம் வரை 160 மைல், அதாவது சுமார் 257 கிலோமீட்டர் ஓடுகிறது. பல இடங்களில் சாலையின் அகலம்தான் தொகுதியின் அகலம். பேனா முனையைவிடக் கோடு மெலிதாக இருக்க வேண்டியிருந்தது.

சார்லட்டில் குடியேறிப் பதினான்கு வருடம் ஆகிறது. குடியுரிமை வாங்கியபின் நான் முதல் ஓட்டுப் போட்டது இந்தப் பன்னிரண்டில்தான். இப்போது இந்தத் தொகுதி சார்லட் நகரைச் சுற்றி அடக்கமாக இருக்கிறது. ஒரு காலத்தில் இது வேறு உருவத்தில் இருந்தது, நான்கு முறைக்கு மேல் உச்ச நீதிமன்றப் படி ஏறியது என்று தெரிந்ததிலிருந்து, பழைய எல்லையில் ஒருமுறை போய்வர வேண்டும் என்று மனதில் இருந்துகொண்டே இருந்தது. தீபாவளியை ஒட்டி ஐந்து நாள் விடுப்புக் கிடைத்தது. கிரீன்ஸ்பரோவில் அண்ணன் மகள் படிக்கிறாள், தீபாவளியை அவளோடு கொண்டாடியது போலவும் ஆகும். மனைவி முறுக்கும் ரவா லட்டும் கட்டிக் கொடுத்து, "போயிட்டு வாங்க, ஆனா தினமும் எழுதுங்க" என்றாள். அதனால்தான் இது.

கஸ்டோனியா பஞ்சாலை ஊர். 1929-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த லோரே மில் கட்டடம் இன்னும் நிற்கிறது, இப்போது குடியிருப்பாகிவிட்டது. அதைச் சுற்றிவிட்டுக் கட்டாபா ஆற்றைத் தாண்டிச் சார்லட் வந்துவிட்டேன்.

சார்லட்டில் போனது பீட்டிஸ் ஃபோர்டு சாலைக்கு. ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழகம் இருக்கும் சாலை, கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. நகர நடுவில் புரூக்ளின் என்று ஒரு பேட்டை இருந்தது. பள்ளி, தேவாலயம், கடைத்தெரு எல்லாம் கொண்ட கறுப்பினப் பேட்டை. 1960-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அங்கிருந்து கிளம்பிய பல குடும்பங்கள் இந்தப் பக்கம்தான் வந்தன. பள்ளிகளில் இனப்பிரிவை ஒழிக்க வழக்கு நடத்திய ஜூலியஸ் சேம்பர்ஸ் இந்த ஊர் வக்கீல். 1965-ல் அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள், 1971-ல் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். அவர் வழக்கை விடவில்லை. அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த இன்னொரு வக்கீல் மெல் வாட். இந்தப் பயணத்தில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகையை எண்ணுவார்கள். அதை வைத்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம் என்று கணக்காகும். அந்த இடங்களுக்கான எல்லையை இங்கே வட கரோலைனாவில் வரைவது மாநிலச் சட்டமன்றமே. 1990 கணக்கெடுப்பில் மாநிலத்துக்குப் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது. மாநிலத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் கறுப்பினத்தவர். ஆனால் 1901-க்குப் பிறகு ஒரு கறுப்பினத்தவர்கூட இங்கிருந்து காங்கிரஸுக்குப் போகவில்லை. சட்டமன்றம் முதலில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றே ஒன்று போட்டது. 1965 வாக்குரிமைச் சட்டத்தின்படி இந்த மாநிலத்தின் 100 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) 40 கவுண்டிகள் மத்திய அரசின் கண்காணிப்பில் இருந்ததால், வரைபடத்துக்கு வாஷிங்டனில் மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஒன்று போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, இரண்டாவது எங்கே? தென்கிழக்கில் ஓரளவு ஒழுங்கான வடிவில் போட்டிருக்கலாம். அப்போது சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில். அங்கே போட்டால் தங்கள் கட்சி உறுப்பினர்களின் இடங்களுக்கு ஆபத்து. அதனால் ஐ-85 வழியாக ஊர் ஊராகக் கறுப்பினப் பேட்டைகளைக் கோத்துக்கொண்டு போய் இந்தப் பாம்பை வரைந்தார்கள்.

1992-ல் மெல் வாட் இங்கே ஜெயித்தார். கிழக்கே முதல் தொகுதியில் ஈவா கிளேட்டன் ஜெயித்தார். இருவரும் பதவியேற்றபோது 1901-லிருந்து கிட்டத்தட்ட 92 வருடம் ஆகியிருந்தது.

இரண்டாம் நாள் – அக்டோபர் 19, ஞாயிறு. சால்ஸ்பரி, லெக்ஸிங்டன்

இன்று முழுக்க ஐ-85. ஞாயிறு காலை என்பதால் லாரிகள் குறைவு. வலது தடத்திலேயே மெதுவாகப் போனேன்.

இந்தத் தொகுதியைப் பற்றி அந்தக் காலத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் சொன்னது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே ஏறியிருக்கிறது: காரின் இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் ஓட்டினால் தொகுதியில் பெரும்பாலானோர் அடிபட்டுச் செத்துவிடுவார்கள் என்று. அதே தீர்ப்பில் இன்னொரு விவரமும் உண்டு. சில கவுண்டிகளில் வடக்கே போகிற தடம் ஒரு தொகுதி, தெற்கே வருகிற தடம் இன்னொரு தொகுதி, அடுத்த கவுண்டிக்குள் நுழைந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். நடுவில் உள்ள புல்தரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எதிரே வருகிறவர் என் தொகுதிக்காரர் இல்லை, ஐந்து நிமிடம் கழித்து நான் அவர் தொகுதியில் இருக்கிறேன்.

சால்ஸ்பரியில் இறங்கினேன். லிவிங்ஸ்டன் கல்லூரியின் பழைய செங்கல் கட்டடங்களைச் சுற்றி மரநிழல் தெருக்கள். தேவாலயம் விட்டு மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். மடிப்புக் கலையாத வெள்ளை உடையில் ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்து "குட் மார்னிங்" சொன்னார். கார் பக்கத்தில் நின்று மறுபடி வரைபடத்தைப் பார்த்தேன். சிவப்புக் கோடு இப்படிப்பட்ட தெருக்களைத் தேடித்தான் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வருகிறது, பிறகு மறுபடி சாலைக்கு ஏறிவிடுகிறது. படத்தில் பார்க்கும்போது கோணல்மாணலாகத் தெரிகிற ஒவ்வொரு வளைவிலும் தரையில் இப்படி ஒரு தேவாலயமும் ஒரு பாட்டியம்மாவும் இருக்கிறார்கள். இது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

எல்லாரும் அப்படிப் பார்க்கவில்லை. டர்ஹம் கவுண்டியைச் சேர்ந்த ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். முதல் பெயர் ரூத் ஷா. வழக்கை நடத்தியவர் டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராபின்சன் எவரெட், அவரும் மனுதாரர்களில் ஒருவர். இனத்தை வைத்துக் குடிமக்களைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். 1993 ஜூன் 28-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். தொகுதி வரையும் விஷயத்தில் தோற்றமும் முக்கியம் என்றார். தொகுதி உடனே கலையவில்லை. இனத்தைத் தவிர வேறு காரணமே சொல்ல முடியாத வடிவம் என்றால் அரசு அதற்கு வலுவான நியாயம் காட்ட வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். 1996-ல் அது மறுபடி மேலே வந்தபோது, அந்த நியாயம் போதாது என்று பன்னிரண்டைச் செல்லாது என்றே அறிவித்துவிட்டார்கள்.

1997-ல் புதிய படம். கஸ்டோனியாவும் டர்ஹமும் வெளியே போயின. சார்லட், வின்ஸ்டன்-சேலம், கிரீன்ஸ்பரோ என்று ஆறு கவுண்டிகளில் தொகுதி சுருங்கியது. அதன் மேலும் வழக்கு. 1998 தேர்தலை மட்டும் இன்னொரு தற்காலிகப் படத்தில் நடத்தினார்கள். அதில் கறுப்பினத்தவர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். அதிலும் மெல் வாட் ஜெயித்தார், வெள்ளையர் ஓட்டும் வாங்கித்தான் ஜெயித்தார். தொகுதியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தேர்தல் அது. கடைசியில் 2001-ல் உச்ச நீதிமன்றம் 1997 படத்தை ஏற்றுக்கொண்டது. நம்பகமாகத் தங்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்களைத் தேடி ஆளுங்கட்சி வரைந்திருக்கிறது, கறுப்பினத்தவர் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறவர்கள் என்பதால் இப்படி அமைந்தது, இது அரசியல் கணக்கு, இனக் கணக்கு என்று நிரூபிக்கப்படவில்லை என்றார் நீதிபதி பிரையர். இந்த 5-4-லும் ஓ'கானர் பெரும்பான்மையில் இருந்தார்.

இனத்தை வைத்து வரைந்தால் தப்பு, கட்சியை வைத்து வரைந்தால் பரவாயில்லை. அதே கோடு, அதே தெருக்கள்! இந்தப் பிளவிலிருந்துதான் அடுத்த இருபது வருடச் சண்டையும் முளைத்தது என்று நினைக்கிறேன்.

யாட்கின் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் டேவிட்சன் கவுண்டி. லெக்ஸிங்டன் பன்றித்தோள் பார்பிக்யூவுக்குப் பேர் போன ஊர், விறகு நெருப்பில் மணிக்கணக்காக வாட்டி வினிகரும் தக்காளி கெச்சப்பும் கலந்த சாற்றோடு தருவார்கள். ஞாயிறு என்பதால் நான் தேடிப் போன கடை மூடியிருந்தது. புகையின் வாசனை மட்டும் சுவரில் இருந்தது. சால்ஸ்பரியில் வாங்கியிருந்த சியர்வைனையும் இரண்டு முறுக்கையும் வைத்து மதியத்தை ஓட்டினேன். 1917-லிருந்து அந்த ஊரில் தயாராகும் செர்ரி பானம் அது. அப்புறம் தாமஸ்வில்லில் நடுத்தெருவில் நிற்கும் ராட்சத நாற்காலியைப் பார்த்துவிட்டு, ஹை பாயிண்ட் வழியாக இருட்டுகிற நேரத்தில் கிரீன்ஸ்பரோ. இந்தப் பகுதி முழுக்க மரச்சாமான் தொழில்.

மூன்றாம் நாள் – அக்டோபர் 20, திங்கள், தீபாவளி. கிரீன்ஸ்பரோ

காலையில் பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவளும் அவளோடு தங்கியிருக்கும் மூன்று பெண்களும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்திருந்தார்கள். லட்டு டப்பா பத்து நிமிடத்தில் பாதியானது. அவளுக்குப் பத்து மணிக்கு லேப். அவள் படிப்பது வட கரோலைனா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்தில். கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட கல்லூரிகளில் நாட்டிலேயே அதிகம் மாணவர் படிப்பது இங்கேதான்.

"என்ன சித்தப்பா, ஒரு தொகுதியைப் பாக்கவா அஞ்சு நாள் லீவு போட்டீங்க?" என்றாள்.

"உன் காலேஜுக்குள்ளயே ஒரு கோடு இருந்துச்சு, வா காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

லாரல் தெரு. வளாகத்துக்கு நடுவே போகிற சாதாரணத் தெரு. இரண்டு பக்கமும் கல்லூரிக் கட்டடங்கள், பையை மாட்டிக்கொண்டு குறுக்கே போகிற பிள்ளைகள். அவள் தினமும் லேபுக்கு நடக்கிற வழி. 2016-ல் வரைந்த படத்தில் இந்தத் தெருவின் ஒரு பக்கம் ஆறாம் தொகுதி, மறு பக்கம் பதின்மூன்றாம் தொகுதி. ஒரே கல்லூரி, ஒரே மெஸ், இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள். ஆயிரக்கணக்கான இளம் ஓட்டுகள் சரியாக நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் சுற்றியுள்ள கிராமப்புற ஓட்டில் கரைந்துபோயின. 2016-லும் 2018-லும் இரண்டு இடத்திலும் குடியரசுக் கட்சியே ஜெயித்தது.

அவள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் நின்றாள். "இப்ப நான் எத்தனாவது?" மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரோட்டுல ஒண்ணுமே தெரியலையே சித்தப்பா" என்றாள். தெரியாதுதான்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று நடந்துகொண்டே சொன்னேன். 2010-ல் சட்டமன்றம் குடியரசுக் கட்சியிடம் போனது. 2011-ல் அவர்கள் வரைந்த படத்தில் பன்னிரண்டாம் தொகுதிப் பாம்பு அப்படியே இருந்தது, உடல் இன்னும் மெலிந்தது, இரு முனையிலும் புதுப் பகுதிகள் சேர்ந்தன. ஓட்டுரிமை வயதுள்ள கறுப்பினத்தவர் பங்கு 43.8 சதவீதத்திலிருந்து 50.7 சதவீதமானது. மெல் வாட் அந்தத் தொகுதியில் ஏற்கெனவே சுலபமாக ஜெயித்துக்கொண்டிருந்தவர், அவருக்கு இந்தக் கூடுதல் ஓட்டு தேவையே இல்லை. சுமார் 35,000 கறுப்பின வாக்காளர்களை உள்ளே இழுத்து, சுமார் 50,000 வெள்ளையர்களை வெளியே தள்ளினார்கள். இழுக்கப்பட்ட ஓட்டுகள் பக்கத்துத் தொகுதிகளில் இருந்திருந்தால் அங்கே போட்டி இருந்திருக்கும். 2012-ல் மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தது. கிடைத்தது 13-ல் 4 இடம்.

1992-ல் 92 வருடப் பூட்டைத் திறந்த அதே வடிவத்தை, இருபது வருடம் கழித்து அந்த மக்களையே ஒரு பெட்டிக்குள் அடைக்கப் பயன்படுத்தினார்கள். இந்தப் பயணத்துக்கு வந்ததே இதை என் கண்ணால் பார்க்கத்தான். பாம்பு போல இருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: யார் வரைந்தது, யாருக்காக வரைந்தது?

2014 தொடக்கத்தில் மெல் வாட் மத்திய அரசின் வீட்டுக்கடன் கண்காணிப்பு அமைப்பின் தலைவராகப் போனார். பத்து மாதம் தொகுதிக்கு ஆளில்லை. நவம்பரில் ஆல்மா ஆடம்ஸ் ஜெயித்தார். இதே ஊரில் பென்னட் கல்லூரியில் நாற்பது வருடம் ஓவியம் கற்பித்தவர், தினம் ஒரு தொப்பி அணிபவர். அவர் உள்ளே வந்தபோது முதல்முறையாகக் காங்கிரஸில் ஒரே நேரத்தில் 100 பெண்கள் ஆனார்கள். 2016 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றம், இனத்தை வைத்து வரைந்தது என்று இந்தத் தொகுதியைச் செல்லாது என்றது. இரண்டே வாரத்தில் புதுப் படம். பன்னிரண்டு முழுக்கச் சார்லட் இருக்கும் மெக்லென்பர்க் கவுண்டிக்குள் போய்விட்டது. கிரீன்ஸ்பரோக்காரரான ஆடம்ஸ் வீட்டைச் சார்லட்டுக்கு மாற்றிக்கொண்டு நின்று, ஜெயித்து, இன்றுவரை அவர்தான் எங்கள் உறுப்பினர். 2017 மே மாதம் நீதிபதி கேகன் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அந்த 2016 தீர்ப்பை உறுதி செய்தது. பழைமைவாதியான நீதிபதி கிளாரன்ஸ் தாமஸும் அதில் சேர்ந்துகொண்டார்.

அந்த 2016 படத்தை வரையும்போது சட்டமன்றக் குழுவில் டேவிட் லூயிஸ் என்ற உறுப்பினர் வெளிப்படையாகவே சொன்னார்: 10 குடியரசுக் கட்சி, 3 ஜனநாயகக் கட்சி என்று வருமாறு வரையலாம், 11-2 வரைய முடியும் என்று தோன்றவில்லை, அதனால்தான் என்று. இன வழக்கில் தோற்றவர்கள் கட்சிக் கணக்கு என்று பதிவிலேயே சொல்லிவிட்டார்கள். 2019 ஜூன் 27-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று, கட்சி லாபத்துக்காக வரைவதைத் தடுப்பது மத்திய நீதிமன்றங்களின் வேலை இல்லை என்று கைவிரித்தது. லாரல் தெருக் கோட்டை அழித்தது அவர்கள் இல்லை. அந்த வருடமே மாநில நீதிமன்றம் தலையிட்டதால் வந்த புதுப் படம்தான் கல்லூரியை ஒன்றாக்கியது.

அவள் லேபுக்குப் போகும் முன் நான்கு வெண்கலச் சிலைகளைக் காட்டினாள். எஸல் பிளேர், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட். நால்வரும் முதலாண்டு மாணவர்கள். 1960 பிப்ரவரி 1-ல் இங்கிருந்து ஊருக்குள் நடந்து, எல்ம் தெருவில் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேடையில் வெள்ளையருக்கு மட்டுமான இருக்கையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். ஆறு மாதத்துக்குள் அந்த மேடை எல்லாருக்கும் ஆனது. சிலைகளின் நடை தோளோடு தோள் உரசும் நடை. மெக்நீல் போன மாதம்தான் காலமானார். அவர் சிலையின் காலடியில் வாடிய பூக்கள் இருந்தன.

மாலை வுல்வொர்த் கட்டடத்துக்குத் தனியாகப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். போன வருடம் உள்ளே போய் அந்த நீள மேடையையும் இருக்கைகளையும் பார்த்திருக்கிறேன், அதனால் வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். இன்றைய படத்தில் இந்த நகரம் இருக்கும் கில்ஃபர்ட் கவுண்டி மூன்று தொகுதிகளாக வெட்டப்பட்டிருக்கிறது. 2024-ல் ஆறாம் தொகுதியில் ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தவில்லை. ஓட்டுப் போடப் போன எத்தனையோ பேருக்குத் தேர்ந்தெடுக்கத் தங்கள் கட்சியின் பெயர் சீட்டில் இல்லை.

இரவு மத்தாப்புக் கொளுத்தினோம்.

நான்காம் நாள் – அக்டோபர் 21, செவ்வாய். வின்ஸ்டன்-சேலம், டர்ஹம்

வின்ஸ்டன்-சேலத்தில் அரை மணி நேரம்தான். புகையிலை ஆலைகளின் ஊர். 1947-ல் ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பலத்தில் கென்னத் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் போதகர் இங்கே நகரசபைக்கு ஜெயித்தார், தெற்கில் அந்தக் காலத்தில் யாரும் எதிர்பாராதது. பிறகு திரும்பி டர்ஹம்.

டர்ஹமில் பாரிஷ் தெரு. 1898-ல் தொடங்கிய நார்த் கரோலைனா மியூச்சுவல் என்ற கறுப்பினக் காப்பீட்டு நிறுவனத்தின் பழைய கட்டடம் இங்கே இருக்கிறது. அந்த 1898 நவம்பரில்தான் கடற்கரையில் வில்மிங்டன் நகரில் ஆயுதக் கும்பல் புகுந்து, மக்கள் தேர்ந்தெடுத்த நகர அரசைக் கவிழ்த்து, கறுப்பினத்தவரைக் கொன்று விரட்டியது. இரண்டு வருடத்தில் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை, தாத்தா ஓட்டுப் போட்டிருந்தால் மட்டும் விலக்கு என்றார்கள். யாருடைய தாத்தா ஓட்டுப் போட்டிருப்பார் என்று சொல்லவே வேண்டாம். ஓட்டு பறிபோன அந்த வருடங்களிலும் இந்தத் தெருக்காரர்கள் வங்கியும் காப்பீடும் நடத்தி ஒரு ஊரையே வளர்த்தார்கள்.

அந்த ஊரின் பெயர் ஹேடி. அதன் நடுவே 147-ஆம் எண் விரைவுச்சாலை போட்டுப் பிளந்துவிட்டார்கள். மிச்சம் நிற்பது செயிண்ட் ஜோசப் தேவாலயம், இப்போது கலாச்சார மையம். அதன் வாசலில் நின்றால் சாலை இரைச்சல் காதை அடைக்கிறது. கஸ்டோனியாவிலிருந்து வந்த என் சிவப்புக் கோடு இந்த ஊரில் முடிகிறது. முதல் வழக்குக் கிளம்பியதும் இந்த ஊரிலிருந்துதான். ரூத் ஷாவும் அவர் நண்பர்களும் கெட்ட எண்ணத்தில் வழக்குப் போட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை, இனம் பார்க்காத சட்டம் வேண்டும் என்று மனதாரக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஹேடியின் நடுவில் சாலை போட்டபோது யாரும் இனம் பார்க்காமல் போடவில்லையே என்ற கேள்வி தேவாலய வாசலில் எனக்கு வந்தது.

பயணம் இங்கே முடிய வேண்டியது. ஆனால் இன்று மாநிலத் தலைநகர் ராலேயில் சட்டமன்றம் மறுபடி தொகுதிப் படத்தைத் திருத்துகிறது. அதன் மேலவையான செனட் இன்றே நிறைவேற்றிவிட்டது. டெக்சஸ் தொடங்கி வைத்தது, அதிபர் டிரம்ப் கேட்டுக்கொண்டபடி இங்கேயும் இன்னொரு இடம் சேர்க்கப் பார்க்கிறார்கள். இப்போது 14-ல் 10 குடியரசுக் கட்சி. அதை 11 ஆக்க, ஈவா கிளேட்டன் 1992-ல் ஜெயித்த அந்த முதல் தொகுதியில் கை வைக்கிறார்கள். அதனால் நாளை அந்தத் தொகுதியில் இருக்கும் டார்பரோவுக்குப் போகிறேன்.

ஐந்தாம் நாள் – அக்டோபர் 22, புதன். டார்பரோ, பிரின்ஸ்வில்

ராலேயைத் தாண்டிக் கிழக்கே போகப் போக நிலம் தட்டையாகிறது. பருத்தி வெடித்து வயல் முழுக்க வெள்ளை. சக்கரவள்ளிக் கிழங்கு பெட்டி பெட்டியாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

டார்பரோ நிழல் நிறைந்த சின்ன ஊர். ஜார்ஜ் ஹென்றி வைட் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது இங்கேதான் குடியிருந்தார். 1872-ல் அன்றைய ஜனநாயகக் கட்சிச் சட்டமன்றம், கறுப்பின ஓட்டு மற்ற தொகுதிகளைப் பாதிக்காமல் இருக்க அவர்களை மொத்தமாக ஒரே தொகுதியில் அடைத்தது. "கறுப்பு இரண்டாம் தொகுதி" என்றே அதற்குப் பெயர். அடைப்பதற்காக வரைந்த அந்தத் தொகுதி நான்கு கறுப்பின உறுப்பினர்களை அனுப்பியது. ஜான் ஹைமன், ஜேம்ஸ் ஒஹாரா, ஹென்றி சீத்தம், கடைசியாக வைட். அடித்துக் கொல்லும் கும்பல்களைத் தண்டிக்க 1900-ல் முதல் மத்திய மசோதாவைக் கொண்டுவந்தவர் வைட்தான். அது நிறைவேறவில்லை. ஓட்டு பறிக்கப்பட்டபின் இனி நிற்பதில் பயனில்லை என்று விலகினார். 1901 ஜனவரி 29-ல் சபையில் பேசினார்: இது அமெரிக்கக் காங்கிரஸிலிருந்து எங்கள் மக்களின் தற்காலிக விடைபெறல், ஃபீனிக்ஸ் பறவை போல ஒருநாள் எழுந்து மறுபடி வருவார்கள். அவருக்குப் பின் நாட்டில் எங்கிருந்தும் 28 வருடம் ஒரு கறுப்பினத்தவர்கூட காங்கிரஸுக்குள் வரவில்லை.

டார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பிரின்ஸ்வில். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ல் விடுதலையான அடிமைகள் குடியேறிய இடம். ஃப்ரீடம் ஹில் என்று பெயர் வைத்தார்கள். 1885-ல் சட்டப்படி நகரமானது, கறுப்பின மக்கள் தாங்களே உருவாக்கிப் பதிவு செய்த நகரங்களில் நாட்டிலேயே மூத்தது. தாழ்வான நிலம், வேறு யாருக்கும் வேண்டாத நிலம். 1999-ல் ஃபிளாய்டு புயலில் கரையைத் தாண்டி ஆறு உள்ளே வந்து ஊரே மூழ்கியது. 2016-ல் மேத்யூ புயலில் மறுபடி மூழ்கியது. இரண்டு முறையும் திரும்பி வந்து கட்டிக்கொண்டார்கள். சில வீடுகள் உயரமான தூண்களின் மேல் நிற்கின்றன. சில மனைகளில் படிக்கட்டு மட்டும் மிச்சம். மூன்று சிமெண்டுப் படி, அதற்கு மேல் புல்.

கரையின் மேல் ஏறி நின்றேன். ஒரு பக்கம் பழுப்பு நிற ஆறு, சத்தமே இல்லை. மறு பக்கம் ஊர். ஒரு பெரியவர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையசைத்தார். முதல் தொகுதி 1992-லிருந்து கறுப்பின உறுப்பினர்களையே அனுப்பி வருகிறது. கிளேட்டன், பாலன்ஸ், பட்டர்ஃபீல்டு, இப்போது டான் டேவிஸ். போன வருடம் டேவிஸ் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். புதுப் படத்தில் கடற்கரைக் கவுண்டிகளை இதனோடு சேர்க்கிறார்கள். முன்பு போல வாஷிங்டனின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அந்த ஏற்பாடு நின்றுபோனது. தொகுதிப் படத்தை ஆளுநர் தடுக்கவும் இந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை.

செய்தி நான் கரையில் இருக்கும்போதே வந்தது. கீழவையும் நிறைவேற்றிவிட்டது. வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தேன். சற்று நேரத்தில் பிள்ளையிடமிருந்து வாட்ஸப்.

"சித்தப்பா, என்னாச்சு?"

"வரைஞ்சுட்டாங்கம்மா" என்று அனுப்பினேன்.

"அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியுமா?"

கீழே பெரியவர் மறுபடி இயந்திரத்தை இழுத்து ஓட விட்டிருந்தார். அவரிடம் பேசலாம் என்று இறங்கிப் போனேன்.